பஸ் வராது, ஆப் வரும்

சென்னையில் தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிற ஒருவர் உங்களிடம் வந்து, "எந்த ஆப் நல்ல ஆப்?" என்று கேட்டால், முதலில் அவர் போனில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று விசாரியுங்கள். பஸ்ஸில் இடம் கிடைக்கிறதோ இல்லையோ, போனில் இடம் இருந்தே ஆக வேண்டும். 2022 மே மாதம் 'சென்னை பஸ்' ஆப் வந்தது. மெட்ரோவுக்குத் தனியாக ஒன்று. மின்சார ரயிலுக்கு யூடிஎஸ் இருந்தது. தண்டவாளத்தை ஒட்டி நின்றால் டிக்கெட் தராமல், தள்ளிப்போய் நின்று எடு என்றது. அது போதாதென்று 2025 ஜூலை 1ஆம் தேதி ரயில்வே அமைச்சர் 'ரயில்ஒன்' என்று இன்னொன்றைத் தொடங்கிவைத்தார். எல்லாம் இனி ஒன்றிலேயே என்றார்கள். செப்டம்பர் 22ஆம் தேதி முதலமைச்சர் 'சென்னை ஒன்' செயலியைத் தொடங்கிவைத்தார். எல்லாம் இனி ஒன்றிலேயே என்று இவர்களும் சொன்னார்கள். மூன்று மாதத்துக்குள் இரண்டு 'ஒன்று'!

இது போக கூகுள் மேப்ஸ். 2020இல் இன்டெல் சுமார் 90 கோடி டாலருக்கு வாங்கிய இஸ்ரேல் நாட்டு மூவிட். பெங்களூருவில் நாலைந்து பேர் கூடி உருவாக்க, 2018இல் கூகுள் வந்து அள்ளிக்கொண்டு போன 'வேர் இஸ் மை ட்ரெய்ன்'. பஸ் எப்போது வரும் என்று நிறுத்தத்தில் நின்று தவிக்கிறவனின் தவிப்புக்கு உலகச் சந்தையில் இவ்வளவு விலை இருக்கிறது. அவன் நேரத்துக்கு மட்டும் காலணா மதிப்பு கிடையாது. பத்து நிமிடம் தாமதமாகப் போனால் கைரேகை இயந்திரம் அரைநாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆப்பில் 'இன்னும் 4 நிமிடம்' என்று காட்டிய ஸ்கிரீன்ஷாட்டை எந்த எச்.ஆரும் ஏற்றுக்கொண்டதாகத் தகவல் இல்லை.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு ஆப் ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. பஸ் வாங்கினால் டிரைவர் போட வேண்டும், கண்டக்டர் போட வேண்டும், அவர்கள் ஓய்வுபெறும்போது பணிக்கொடை கொடுக்க வேண்டும். டயர் தேயும், கண்ணாடி உடையும். மழையில் ஒழுகும், ஒழுகுவதை யாராவது வீடியோ எடுத்துப் போடுவார்கள். ஆப் ஒழுகாது. மேடையில் ஒரு ராட்சத போன் படம், ஒரு பொத்தான், ஒரு கைதட்டல், வரிசையாக நின்று ஒரு புகைப்படம், முடிந்தது. சென்னைக்கான ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தை அமைக்கும் சட்டம் 2010இல் நிறைவேறியது. அந்தக் குழுமத்தின் ஆப் 2025இல் வந்தது. ஆகவே நிறுத்தத்தில் 15 நிமிடம் நிற்கிறவர் அலுத்துக்கொள்ள வேண்டாம். இந்த நகரமே ஓர் ஆப்புக்காக 15 ஆண்டு நின்றிருக்கிறது.

பஸ் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆயிரம் பேருக்கு 0.6 பஸ் இருந்தால்தான் நல்ல சேவை என்பது மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வகுத்து வைத்திருக்கிற அளவுகோல். அப்படியானால் ஒரு கோடிப் பேருக்கு 6,000 பஸ். சென்னைப் பெருநகரம் கோடியைத் தாண்டிவிட்டது. மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியில் 120 மின்சார பஸ்களைக் கொடியசைத்து அனுப்பினார்கள். நல்ல வண்டிகள், வந்தவரை சந்தோஷம். ஆனால் பள்ளம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, மண் கூடையில் வருகிறது. அதுவரை அந்தப் பள்ளத்தை நாம் போனில் தெளிவாகப் பார்த்துக்கொள்ளலாம், வரைபடத்தோடு.

சரி, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, அந்த 'நிமிடம்' எப்படித் தயாராகிறது என்று சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் ஒரு கருவி இருக்கிறது. ஏஐஎஸ் 140 என்ற தரத்தில், பொதுமக்களை ஏற்றிச்செல்லும் வாகனங்களில் இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்ட கருவி. அது தான் நிற்கிற இடத்தைச் செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே இருக்கிற சிம் வழியாக சர்வருக்குச் சொல்லும். சர்வர் மீதித் தூரத்தையும், அந்த வேளையில் அந்தச் சாலையில் வழக்கமாக ஆகிற நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு ஓர் எண்ணை அனுப்பும். கருவி வேலை செய்தால். சிம் உயிரோடு இருந்தால். இந்த வண்டி இன்று எந்த ரூட்டில் ஓடுகிறது என்பதைக் காலையில் டெப்போவில் யாராவது சரியாக ஏற்றியிருந்தால். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆப் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி வாயை மூடிக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். கால அட்டவணையை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிடும். அதே எழுத்து, அதே தன்னம்பிக்கை. அட்டவணைப்படி வரவேண்டிய வண்டிக்கும் வந்துகொண்டிருக்கிற வண்டிக்கும் முகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எண்ணை விடாமல் பாருங்கள். 9, 8, 7 என்று கடிகாரம் போல ஒழுங்காக இறங்கிக்கொண்டே வந்தால் அது பொய். மாலை ஆறரைக்கு அண்ணா சாலையில் எந்த வண்டியும் அவ்வளவு ஒழுங்காக வந்ததாகச் சரித்திரம் இல்லை. 7 என்று இருந்தது திடீரென்று 11 ஆனால் மகிழ்ச்சி அடையுங்கள். எங்கோ ஒரு நிஜமான பஸ், நிஜமான சிக்னலில், நிஜமாகவே மாட்டிக்கொண்டிருக்கிறது. அது 11இலிருந்து 19 ஆனால் யாரோ ஒரு பெரியவர் கான்வாயில் போகிறார் என்று பொருள். அவர்களுக்கு இந்த ஆப் எதுவும் தேவைப்படாது. அவர்கள் புறப்பட்டால் சாலை தானாகக் காலியாகும். நம்மைக் காலி செய்துதான் அது காலியாகிறது.

ஒரு நிறுத்தத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன்; எந்த ஆப், எந்த இடம் என்பதெல்லாம் வேண்டாம். வீட்டு வேலை முடித்துத் திரும்புகிற ஓர் அம்மா, கையில் ஒயர் கூடை, கூடைக்குள் பட்டன் போன். பக்கத்தில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒரு பையன்.

"தம்பி, அந்த போன்ல கொஞ்சம் பாத்துச் சொல்லேன், வண்டி எங்க வருதாம்?"

"நாலு நிமிஷம்க்கா."

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா திரும்பவும் கேட்டார். பையன் பார்த்தான். "நாலு நிமிஷம்க்கா."

"வெள்ளை போர்டாப்பா, இல்ல டீலக்ஸா?"

அவன் திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான், கிள்ளிப் பெரிதாக்கினான். "அது காட்டலக்கா."

"அது தெரியாம நேரத்த மட்டும் வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ண?"

இத்தனை வருடத்தில் ஓர் ஆப்பைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் படித்ததில்லை. 2021 மே மாதத்திலிருந்து, வெள்ளை போர்டு போட்ட சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீலக்ஸில் ஏறினால் காசு. அந்த அம்மாவுக்கு 'எப்போது வரும்' என்பது இரண்டாவது கேள்வி. 'எனக்கு வருகிற வண்டியா' என்பதுதான் முதல் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய ஒருவர், அந்த ஆப்பை வடிவமைத்த அறையில், அந்தக் குளிர்சாதனக் குளிரில், ஒருநாள்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். தரை துடைக்க வேண்டுமானால் வந்திருப்பார்.

அதற்குள் திரையில் வண்டி நாங்கள் நின்ற நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. சாலையில் எதுவுமே போகவில்லை. பையன் திரையைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான், திரையைத்தான் நம்பினான், 'போயிருச்சுக்கா' என்றான். அப்புறம் இரண்டு வண்டிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. முன்னால் வந்ததில் படிவரைக்கும் ஆள். நிறுத்தத்தில் நிற்காமல் ஐம்பது அடி தள்ளிப்போய் நின்றது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இந்த ஐம்பது அடி எந்த ஆப்பிலும் வராது.

இரண்டு வண்டி ஒட்டிக்கொண்டு வருவது டிரைவர்கள் டீக்கடையில் பேசிவைத்துச் செய்கிற சதி என்றுதான் நாம் திட்டிக்கொண்டிருக்கிறோம். அது கணக்கு. நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964லேயே எழுதிக் காட்டிவிட்டார்கள். முன்னால் போகிற வண்டி ஒரு சிக்னலில் கொஞ்சம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூடுதல் ஆள் சேர்ந்திருப்பார்கள், அவர்களை ஏற்ற இன்னும் நேரம் ஆகும், இன்னும் தாமதம். பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே மிச்சம் இருக்காது. அது வேகமாக வந்து முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மருந்தும் பழைய மருந்துதான்: பின்னால் வருகிற வண்டியை எங்காவது இரண்டு நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். அதற்கு ஒருவர் எல்லா வண்டிகளும் எங்கே இருக்கின்றன என்று திரையில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், டிரைவருக்குச் சொல்கிற அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். அந்தத் திரையைத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள், அதிகாரம் இல்லாமல். நான் பார்த்து என்ன செய்வது? பின்வண்டி டிரைவருக்கு போன் போட்டு, "அண்ணே, ரெண்டு நிமிஷம் நில்லுங்கண்ணே" என்று சொல்லவா? ஒழுங்குபடுத்த வேண்டியவர்களின் வேலையைக் காத்துக்கிடக்கிறவனுக்கு வேடிக்கையாக மாற்றிக் கொடுத்திருப்பதற்குப் பெயர் நவீனமயம்.

ஆப் வருவதற்கு முன்னால் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர் இருந்தார். இப்போதும் இருக்கிறார், ஒரு சின்ன அறையில், மேசைமேல் நீள நோட்டு. "சார், வண்டி எப்ப சார்?" என்றால், தலை நிமிராமல் "இப்பதாம்மா போச்சு" என்பார். எந்த வண்டியைக் கேட்டாலும் அது இப்போதுதான் போயிருக்கும். அவரிடம் கோபப்பட முடிந்தது. நாலு வார்த்தை சொல்ல முடிந்தது. கூட்டம் சேர்ந்து சத்தம் போட்டால் மனிதர் வெளியே வந்து, நிற்கிற ஒரு வண்டியைத் தட்டி எழுப்பி எடுக்கச் சொல்வார். ஆப்பிடம் சத்தம் போட்டால் ஐந்து நட்சத்திரம் தருவீர்களா என்று கேட்கிறது.

அந்த நோட்டில் இன்னொரு விவரமும் இருக்கும். டெப்போக்காரர்கள் பேச்சில் 'டிரிப் கட்'. டிரைவர் விடுப்பு, மாற்று ஆள் இல்லை. பிரேக் சரியில்லை, உதிரிபாகம் இல்லை. அதனால் இந்த நடை இன்று கிடையாது. இது டெப்போவுக்குக் காலையிலேயே தெரியும். நிறுத்தத்தில் நிற்கிற நமக்கு மட்டும் தெரியாது. நாம் அந்த நடைக்காக நிற்போம், ஆப் அந்த நடையின் நிமிடங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டும், பூஜ்யம் வந்ததும் சத்தமில்லாமல் அடுத்த நடைக்குத் தாவும்.

இதைத் தொழில்நுட்பத்தின் தலையில் கட்ட முடியாது. பஸ் அட்டவணைகளை உலகம் முழுக்க ஒரே வடிவில் எழுதும் முறை 2005இல் அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரப் போக்குவரத்து நிறுவனமான டிரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. ஜிடிஎஃப்எஸ் என்பார்கள். 2011இல் அதற்கு நேரலை வடிவமும் வந்தது. 'இந்த நடை ரத்து' என்று குறிக்க அதில் தனியாகவே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நிறுத்தத்தில் நிற்கிற அத்தனை பேரும் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம், ஷேர் ஆட்டோ பிடிக்கலாம், அடுத்த தெருவுக்கு நடந்து போய் வேறு ரூட் பிடிக்கலாம். நம்மூர் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, 'இந்த வண்டி இன்று வராது' என்று சொன்ன ஒரு திரையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏன் சொல்ல மாட்டார்கள் என்பது ரகசியமா? 'வராது' என்று சொன்னால் அதை யாராவது எண்ணுவார்கள். மாதத்துக்கு எத்தனை, எந்த டெப்போவில் எத்தனை, எந்தப் பகுதி ஜனங்களுக்கு எத்தனை என்று கூட்டுவார்கள். கூட்டிய எண்ணைச் சட்டமன்றத்தில் கேட்பார்கள். 'நாலு நிமிடம்' என்று சொல்லிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. நாலு நிமிடத்தை யாரும் கூட்டுவதில்லை. வராத வண்டிக்குத் தொடக்கவிழா நடத்த முடியாது. வரப்போகிற வண்டிக்கு எத்தனை விழா வேண்டுமானாலும் நடத்தலாம்.

வேறு ஊர்களில் என்ன செய்தார்கள்? லண்டனில் போக்குவரத்து நிறுவனம் தன் தகவல்களைத் திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆப் செய்யட்டும் என்றது. ஆப்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு செய்தார்கள். 2018இல் கொச்சி மெட்ரோ தன் அட்டவணைகளைத் திறந்துவைத்தது. அதே ஆண்டு டெல்லி அரசு, ஒரு கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து பஸ் இருப்பிடத் தகவல்களையே பொதுவில் வைத்தது. அங்கெல்லாம் பாலும் தேனும் ஓடுகிறது என்று சொல்லவில்லை. டெல்லி பஸ்ஸில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் நம் வரிப்பணத்தில் ஓடுகிற வண்டி எங்கே நிற்கிறது என்ற செய்தி நம்முடையது என்ற அளவுக்காவது அவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

நிறுத்தங்களைப் பாருங்கள். எஃகு இருக்கை, வழுக்கும். பின்னால் ஆளுயர விளம்பரம், இரவெல்லாம் விளக்கு எரிகிறது. நகைக்கடையின் கூலி சேதாரம் எவ்வளவு என்பது தூரத்திலிருந்தே தெரியும். இந்த நிறுத்தத்தில் எந்தெந்த எண் பஸ் நிற்கும் என்பது எத்தனை நிறுத்தங்களில் எழுதியிருக்கிறது? அதற்கு ஜிபிஎஸ் வேண்டாம், சர்வர் வேண்டாம், ஒரு டப்பா பெயின்ட் போதும். அந்த பெயின்ட் பட்டன் போன்காரருக்கும் தெரியும், சார்ஜ் தீர்ந்தவருக்கும் தெரியும். ஒருவேளை அதுதான் அதில் உள்ள குறையோ என்னவோ. எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் டவுன்லோடு எண்ணிக்கை எப்படி ஏறும்?

'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். மெய்யாகவே நல்ல காரியம். மூன்று கவுன்ட்டரில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதே திரையில் ஆட்டோவும் டாக்ஸியும் கூப்பிட்டுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து ரயிலடிக்குப் போக உதவும் என்கிறார்கள். உதவும். பஸ் வராதபோது ஆட்டோவில் போய்த்தொலை என்று அரசாங்கமே பொத்தான் போட்டுக் கொடுத்தது போலவும் இருக்கும். மாதம் 1,000 ரூபாய் கொடுத்துப் பாஸ் எடுத்தவர் அந்தப் பொத்தானை வாரம் இரண்டு முறை அழுத்தினால், அவருக்குப் பாஸ் ஒரு செலவு, பஸ் வராதது இன்னொரு செலவு. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30ஆம் தேதி ரயில் நிலையம் இல்லாமலேயே திறந்த ஊர் இது. இணைப்பைத் தரையில் போடுவதற்கு முன்னால் திரையில் போட்டுவிடுவது நமக்குச் சுலபமாக வருகிறது.

ஆக, எந்த ஆப்? என் தீர்ப்பு: எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட் எடுக்க ஒன்று, வழி தேட ஒன்று. எண் ஏறி இறங்குகிற ஆப்பை நம்புங்கள், ஒழுங்காக இறங்குகிறதை நம்பாதீர்கள். 'இந்த வண்டி இன்று வராது' என்று வாய்விட்டுச் சொல்கிற ஆப் எப்போது வருகிறதோ அப்போது மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். அது தானாக வராது. நாம் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

போர்ட்லாண்டில் பஸ் அட்டவணையைத் திறந்த அதே 2005இல் நம் நாடாளுமன்றமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. உங்கள் ரூட் எண்ணை எழுதுங்கள். போன மாதம் நாளொன்றுக்கு எத்தனை நடை அட்டவணையில் இருந்தது, எத்தனை நடை ஓடியது, ஓடாத ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் எழுதிய காரணம் என்ன, இந்த மூன்றை மட்டும் கேளுங்கள். பொதுத் தகவல் அலுவலர், மாநகர் போக்குவரத்துக் கழகம், பல்லவன் இல்லம், பல்லவன் சாலை, சென்னை 2. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், எந்த ஆப்பும் தேவையில்லை.